பழைய துணி இல்லாத வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் நான் செய்கிற முதல் வேலை ஓர் எலியின் பாதங்களைப் பார்ப்பது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவளை உள்ளங்கையில் மல்லாக்கச் சாய்த்து, பின்னங்கால்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் திருப்புவேன். நல்ல பாதம் இளஞ்சிவப்பாக, உலர்ந்து, சின்னச் சின்ன மேடுகளோடு இருக்கும். குதிகாலில் மட்டும் சிவப்பு கூடியிருந்தால் கெட்ட அறிகுறி. அந்த இடத்தில் தோல் வழுவழுப்பாகிப் பளபளத்தால் இன்னும் மோசம். பிறகு நகங்களைப் பார்ப்பேன், விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். அவள் பொறுமையில்லாமல் என் கட்டைவிரலைத் தள்ளுவாள். இரண்டு நிமிட வேலைதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது எங்களுக்குள் இருக்கட்டும். இங்கே கருப்புத்தலை என்று சொல்கிறேன். உடம்பெல்லாம் வெள்ளை, தலையும் தோளும் மட்டும் முக்காடு போட்டதுபோல் கருப்பு.

அவளை நான் தேடிப் போய் வாங்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த மாடி அறையை முதலில் நானும் கூட வேலை பார்த்த ஒருத்தியும் சேர்ந்து எடுத்தோம். மீன்தொட்டி வாங்கப் போன கடையில், பாம்புக்குத் தீனியாக வைத்திருந்த எலிகளில் இரண்டை அவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்று முழு வெள்ளை, ஒன்று கருப்புத்தலை. அந்தத் தோழிக்குக் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபோது கட்டில், மிக்ஸி, வாளி எல்லாம் போயின. எலிகள் மட்டும் இருந்தன. "மாமியாருக்கு பல்லியைப் பாத்தாலே ஆகாதுப்பா, நீ வச்சுக்கோ" என்றாள். கொஞ்ச மாதத்தில் வெள்ளைக்கு வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனது. மொட்டைமாடியில் துளசி இருந்த தொட்டியில் புதைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

எலியைத் தனியாக வைத்திருக்கக் கூடாது, இன்னொரு எலி வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் வயதான எலியுடன் புதியதைச் சேர்த்தால் சண்டை வரும் என்றும் படித்திருக்கிறேன். எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதுவரை நானே துணை என்று வைத்துக்கொண்டேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போனை மாட்டினால் தெரியாத ஊரிலிருந்து தெரியாத ஆட்கள் சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்பார்கள். கழற்றினால் மின்விசிறிச் சத்தம். கருப்புத்தலை என் தோளில் ஏறிக் காதோரம் மூச்சு விடுவாள். நான் அவளிடம் பேசுவேன்.

ஒருநாள் கீழே வீட்டுக்கார அக்கா மாடிப்படியில் நிறுத்தினார். "ஏம்மா, தப்பா எடுத்துக்காத. மேல யாராவது வந்து தங்கியிருக்காங்களா? பேச்சுக் குரல் கேக்குதே."

"ஆபீஸ் கால் அக்கா."

"ஆபீஸ் கால்ல, 'அங்க ஏறாதடி, விழுந்து தொலைப்ப'ன்னா சொல்லுவாங்க?"

அன்று கூண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, "சரி, ஆம்பளையில்லன்னா போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் பெற்றோர் வீடு ஒன்றும் தூரமில்லை. தாம்பரத்துக்குப் பஸ், அங்கிருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் காட்டாங்குளத்தூர். அங்கே கல்லூரியில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் அம்மா பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறாள். அப்பா கட்டட வேலை. இருவரும் கைநாட்டு. தம்பி எட்டாவதோடு நின்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் பட்டம் வாங்கினேன். இந்த அறையின் வாடகை ஒப்பந்தத்தில் இங்கிலீஷில் இருக்கும் என் கையெழுத்தை நானே பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை. நடுவில் சேலையைத் தொங்கவிட்டால் இரண்டு அறை. சாத்திக்கொள்ள எனக்கு ஒரு கதவு வேண்டும் என்று வந்தேன். கிடைத்தது. வெளியிலிருந்து யாரும் அதைத் தட்டுவதில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. தெருவில் தண்ணீர் நின்றது. சுவரெல்லாம் நசநசத்தது. கருப்புத்தலை வழக்கம்போல் கூண்டுக் கம்பியில் ஏறாமல் மூலையில் சுருண்டிருந்தாள். தூக்கிப் பார்த்தால் வலது பின்னங்காலில், குதிகாலில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு வீக்கம். நடுவில் லேசாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

சேலையூரில் இருக்கும் கால்நடை கிளினிக்குக்கு, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அவளை வைத்து எடுத்துப் போனேன். பக்கத்தில் லாப்ரடாருடன் உட்கார்ந்திருந்தவர் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா அது, முயல் குட்டியா?"

"எலி சார்."

அவர் நாயை இழுத்து அந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டார்.

டாக்டர் என் வயதுப் பெண். "எலி நான் ரொம்பப் பாத்ததில்ல. ஆனா பாதம் பாதம்தானே, காட்டுங்க" என்றார். போன் டார்ச்சை அடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கூண்டுல அடியில என்ன இருக்கு?"

"கம்பி வலை டாக்டர். கிளிக் கூண்டு அது."

"கழுவுறீங்களா?"

"தினம் ரெண்டு வேளை. ஃபினாயில் போட்டு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"கழுவிட்டுத் துடைப்பீங்களா?"

"அது... இல்ல டாக்டர்."

"கம்பி மேலயே நிக்குது. கம்பியும் ஈரம். ஃபினாயில் வேற. வெயிட்டும் ஜாஸ்தியா தெரியுது, என்ன குடுக்குறீங்க?"

"நான் சாப்பிடுறதுதான். இட்லி, சாதம். சாயங்காலம் முறுக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "ரொம்பவே நல்லா பாத்துக்குறீங்க. அதான் பிரச்சனை." பிறகு சிரிக்காமல் சொன்னார். "இப்ப சீழ் வைக்கல. வச்சா எலும்பு வரைக்கும் போயிடும். அப்புறம் வெட்டுறது கிட்டுறதுன்னா, இந்த உடம்புக்கு மயக்க ஊசி போட எனக்கு தைரியம் கிடையாது. அதனால இங்கயே நிறுத்தணும்."

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தந்த களிம்பைத் தடவ வேண்டும். முறுக்கு கூடாது. ஃபினாயில் கூடாது. கம்பி மேல் ஒரு பலகை, பலகை மேல் துணி, ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

"துணி எந்த மாதிரி டாக்டர்?"

"பழைய காட்டன். துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிருக்கும் பாருங்க, வேட்டி, புடவை, அந்த மாதிரி. ஆனா நூல் பிரியக் கூடாது. விரல்ல சுத்திக்கிச்சுன்னா விரலே போயிடும்." சீட்டைக் கிழித்து நீட்டிக்கொண்டே, "எல்லார் வீட்லயும் இருக்குமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். குர்த்திகள், லெக்கின்ஸ், இரண்டு ஜீன்ஸ், தீபாவளிக்கு எடுத்த செயற்கைப் பட்டுச் சேலை. எல்லாம் பாலியஸ்டர் கலந்தவை. எல்லாம் நான் சம்பாதித்து, நான் வாங்கி, நான் மட்டும் உடுத்தியவை. ஒரு துணியும் சாயம் போயிருக்கவில்லை. கரித்துணிகூடக் கடையில் பாக்கெட்டாக வாங்கியதுதான். அலமாரியின் முன் உட்கார்ந்து, அடித்தட்டு வரைக்கும் கலைத்துப் பார்த்தேன். என் வீட்டில் பழைய துணி என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு துணி மெத்தென்று ஆக எத்தனையோ வருடமும் ஒரு வீட்டு ஆட்களும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

இல்லாததற்குக் காரணம் நான்தான், அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. அம்மா வேலை செய்த வீடுகளிலிருந்து பழைய துணி வந்துகொண்டே இருக்கும். சேலை, சட்டை, ஜன்னல் திரை. அம்மா வாங்கியதும் கன்னத்தில் உரசிப் பார்ப்பாள், "நல்ல நூலு" என்பாள். எனக்கு உடம்பு கூசும். பண்டிகைக்கு முன்னால் அவள் அந்த வாசல்களில் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் சம்பளம் வந்த வாரம், வீட்டிலிருந்த பிறர் துணியை எல்லாம் மூட்டை கட்டி, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வண்டிக்காரரிடம் போட்டேன். அவர் ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தார். "இனிமே அடுத்தவங்க கட்டினது நம்ம வூட்ல வேணாம்மா" என்றேன். அம்மா தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஆகவே கருப்புத்தலைக்கும் புதிதாகவே வாங்குவது என்று முடிவு செய்தேன். கிழக்குத் தாம்பரத்துக் கடை ஒன்றில் நல்ல டர்க்கி டவல் இரண்டு எடுத்தேன். தொட்டால் அவ்வளவு மிருது. பலகையில் விரித்து அவளை விட்டபோது, நம் வீட்டுப் பிள்ளையை மெத்தையில் படுக்க வைத்ததுபோல் இருந்தது. மறுநாள் மீட்டிங்கின் நடுவே கீச்சென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் டவலின் சின்னச் சின்ன நூல் வளையம் ஒன்றில் நகம் மாட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து, நகம் பாதி பிய்ந்து ரத்தம் வழிந்தது. அதுவும் நல்ல காலில். நான் கத்தரியால் வளையத்தை வெட்டியபோது அவள் என்னைக் கடித்தாள். அதுவரை கடித்ததேயில்லை. மீட்டிங்கில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, மெக்கானிக் கடைகளில் கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் நினைவுக்கு வந்தது. பஞ்சுத் துணிதான், மெத்தென்றுதான் இருக்கும். கடையில் இருந்தவர் எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

"வண்டிக்காக்கா?"

"இல்லண்ணா, எலிக்கு."

கை நின்றது. "எலிக்கு மருந்துதான் வப்பாங்க. துணி இன்னாத்துக்கு? பொணம் சுத்தவா?"

"வளக்குறேன்ணா. கால்ல புண்ணு."

"படிச்ச பொண்ணு மாரி கீற" என்றார். தராசில் ஒரு பிடி கூடப் போட்டார்.

வீட்டில் பிரித்தால் துண்டுத் துணி, நான்கு பக்கமும் நூல் பிரிந்து தொங்கியது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. படிக்கிற பெண் என்று அம்மா எந்த வேலையும் தொட விட்டதில்லை. பையை அப்படியே பாத்திரம் தேய்க்கும் மேடைக்குக் கீழே தள்ளினேன். பலகையில் செய்தித்தாளை விரித்தேன். ஒரு மணி நேரத்தில் ஊறிப்போய் அவள் வயிறெல்லாம் அச்சு மை.

வீக்கம் மிளகிலிருந்து பட்டாணி அளவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்தக் காலை ஊன்றுவதை நிறுத்திவிட்டாள். நான் தோளில் விட்டால்கூட ஏறாமல் மடியிலேயே கிடந்தாள்.

அந்த வாரம் ஒரு காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிக் கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் பழைய வேட்டி. கரை கிழித்த, பழுப்பேறிய, நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வேட்டி. கிட்டத்தட்ட முழு வேட்டி. அதைச் சுருட்டிச் சக்கரத்தின் சேற்றில் அழுத்தித் தேய்த்தார். நான் கேட் அருகில் நின்றேன். "சார், அதுல ஒரு முழம் கிடைக்குமா?" என்று கேட்டால் போதும். உள்ளே இன்னொன்று இருந்தாலும் கொடுத்திருப்பார். வாய் வரைக்கும் வந்தது. வாசலில் நின்று பழைய துணி கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குரல் என் தொண்டையிலும் இருக்கிறது என்பதுதான் நான் அன்று கண்டது.

"என்னம்மா, பஸ் போயிடுமே" என்றார் அவர்.

"ஆமா சார்" என்று சொல்லி நடந்தேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ம்மா, நம்ம வூட்ல பழைய துணி இருக்கா? காட்டன். நல்லா மெத்துனு, நூல் பிரியாம."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழுவது கேட்டது. பிறகு அது நின்றது.

"இன்னாடி சொல்ற?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "எத்தினி மாசம்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போட மாட்டார்கள். உறுத்தும் என்று, துவைத்துத் தேய்ந்த பழைய சேலையைக் கிழித்துத்தான் போடுவார்கள். அதை ஒரு பெண் முன்கூட்டியே கேட்கிறாள் என்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

"ஐயோ ம்மா, எலிக்கும்மா. எலிக்குக் கால்ல புண்ணு."

"எலிக்கா?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமா எலிக்குத்தான்."

அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. "பேஜார் புடிச்சவளே. நெஞ்சே நின்னுபோச்சு." மறுபடியும் குழாயைத் திறந்தாள். "அதான் எல்லாத்தியும் மூட்ட கட்டித் தூக்குக்குப் போட்டியே. இப்ப எங்க போறது. பாக்குறேன், வையி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அம்மா இந்த அறைக்கு வந்தது அன்றுதான். செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு, ஈரக் காலை மிதியடியில் பலமுறை தேய்த்தாள். வருடம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் அவள் கால்விரல் இடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன. நான் எலிக்கு வாங்கிய களிம்பை எடுத்து நீட்டினேன்.

"போடி, எலி மருந்த எனக்குக் குடுக்குற. எங்க அது?"

கருப்புத்தலையைக் கையில் கொடுத்தேன். அம்மா முகம் சுளிக்கவில்லை. அடுப்புப் பக்கம் எலி தென்பட்டால் துடைப்பத்தை எடுப்பவள், குழந்தையின் காலைப் பார்ப்பதுபோல் அந்தக் காலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"பாவம். நிக்கவே முடியல இதுக்கு." பிறகு கூண்டுக்கு வெளியே கிடந்த டவலைப் பார்த்தாள். "இதையா போட்ட? இவ்ளோ படிச்சிகினு கீற, பச்சப் புள்ளைக்குப் புதுத்துணி ஆவாதுன்னு தெரியாதா?"

"இது பச்சப் புள்ள இல்லம்மா. கெழவி."

"தோலு அதே தோலுதான?"

கட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். இளநீல நூல் சேலை, ஒரே அளவில் வெட்டிய துண்டுகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் மடித்து, பொடித் தையலாகக் கையாலேயே தைத்திருந்தாள். ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். துணி இருப்பதே தெரியாத மென்மை.

"யாருது இது?"

"நான் வேல செய்யற வூட்டு டீச்சரம்மா குடுத்தது. நீ மூட்ட கட்டும்போது ஒண்ணு மட்டும் உருவி வச்சிகினேன்."

"எதுக்கு?"

அம்மா பலகையில் துண்டை விரித்தாள். சுருக்கம் நீவினாள். கருப்புத்தலையை அதன்மேல் விட்டாள். கருப்புத்தலை துணியை மோந்து பார்த்தாள். நொண்டிக்கொண்டே நடந்து, ஓரத்தைப் பல்லால் பிடித்துத் தன் மூலைக்கு இழுத்து, அதற்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணு பொறந்தா போடலாம்னுதான் வச்சிருந்தேன்" என்றாள் அம்மா, எலியைப் பார்த்துக்கொண்டே. "பாதிதான் வெட்டினேன். மீதி கீது."

"சாப்புடுறியாம்மா?" என்றேன். ரசம் சாதம் சாப்பிட்டாள். என் அலமாரி, என் மேஜை, கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கடி வூட்ட" என்றாள். இருந்துவிட்டுப் போ என்றேன். காலையில் நான்கு வீடு, முடியாது என்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். தாம்பரம் பஸ் உடனே வந்துவிட்டது. சில நாட்களில் அது அரை மணி நேரம் வராது.

அறைக்குத் திரும்பியபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மிதியடியில் அம்மாவின் காலடி ஈரம் இன்னும் காயவில்லை. நான் அதைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனேன்.

துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். வாசனை சோப்பு போடாமல் அலசி, மழை விடாத நாட்களில் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன். இட்லிக்குப் பதில் வெள்ளரிக்காயும் வேகவைத்த கீரையும். வீக்கம் முதலில் நின்றது, பிறகு சுருங்கியது. கார்த்திகை முடியும் முன் ஒரு காலையில் பொருக்கு உதிர்ந்து துணியில் கிடந்தது. அடியில் புதுத் தோல், இளஞ்சிவப்பு. அன்று மாலை அவள் என் தோளில் ஏறினாள். பிய்ந்த நகம் மட்டும் கோணலாக வளர்ந்தது.

அவளுக்கு வயதாகிவிட்டது. எலிகள் அதிக நாள் இருப்பதில்லை. துணி இன்னும் நன்றாக இருக்கிறது. மீதிப் பாதி காட்டாங்குளத்தூரில், தகரப் பெட்டியில், அம்மா துணிகளுக்கு அடியில் இருக்கும். அதைப் பற்றி அவள் திரும்பப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், நான் பாதம் பார்த்து முடிக்கிற நேரத்துக்கு அம்மா போன் செய்கிறாள். முன்பெல்லாம் கல்யாணப் பேச்சு, இல்லையென்றால் வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்ற பேச்சு. இப்போது அதெல்லாம் கேட்பதில்லை.

"கால் எப்பிடி கீது?" என்கிறாள்.

"நல்லா இருக்கும்மா."

"செவப்பு?"

"இல்ல."

"துணி காயுதா?"

"காயுது."

"சரி, வையி."

போனை வைத்ததும் அறை மறுபடி பழைய சத்தத்துக்குப் போகிறது. கருப்புத்தலையைத் துணியில் இறக்கி விடுகிறேன். அவள் நான்கு காலையும் ஊன்றி நடந்து தன் மூலைக்குப் போகிறாள்.